பட்லரை உட்கார வைத்த கதை

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன். கூடத்து நாற்காலியில் நஞ்சப்பா உட்கார்ந்திருக்கிறார். மடியில் எங்கள் வீட்டு வெள்ளைத் துண்டு விரித்திருக்கிறது. எதிரே ஸ்டூலில் பீங்கான் தட்டு. அதில் ஓரம் வெட்டிய ரொட்டித் துண்டுகள், வெண்ணெய் தடவி, முக்கோணமாக நறுக்கி அடுக்கியவை. நாற்காலிக்குப் பின்னால் ஓரடி தள்ளி என் நைனா நிற்கிறார். அவருடைய இடது கையில் இன்னொரு துண்டு மடித்துத் தொங்குகிறது. பார்வை தட்டின் மேலேயே இருக்கிறது.

இதில் ஒரு சின்னச் சிக்கல். நஞ்சப்பாவை நாங்கள் வேலைக்கு வைத்ததே நைனாவைப் பார்த்துக்கொள்வதற்காகத்தான்.

என்னைக் கண்டதும் நஞ்சப்பா பதறி எழுந்திருக்கப் பார்த்தார். நைனா பின்னாலிருந்து அவர் தோளில் இரண்டு விரலை வைத்தார். மனிதர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் மாட்லி அக்கா?" என்றார் கன்னடத்தில், வாயில் ரொட்டியோடு. நான் என்ன செய்யட்டும் என்கிறார். "எழுந்திருக்க விடமாட்டேங்கறாரு. காலையில இருந்து இதே கதை."

நைனா என் பக்கம் திரும்பவே இல்லை. விருந்தாளி சாப்பிடும்போது பட்லர் வேறெங்கும் பார்க்கக் கூடாது.

ஒரு வாசகியின் கேள்வி

போன வாரம் நான் தொழிற்சாலையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிய காலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டுப் பெரியவரை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டிருக்கிறார்.

எங்கள் மர்பி டவுன் தெருவில் அன்றைக்கு இது ஒரு கேள்வியே இல்லை. வீட்டுக்கு ஒரு மருமகள் இருப்பாள், அவள் பார்ப்பாள், விஷயம் முடிந்தது. நைனாவுக்கு மருமகள் கிடையாது. நான் ஒரே பெண். அந்த ஒரே பெண்ணும் பொழுது விடிந்தால் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஃபாக்டரி பஸ் ஏறிவிடுவாள்.

அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நைனா என்றால் அப்பா. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். பெயர் ஏகாம்பரம். கன்டோன்மென்டில் ராணுவ அதிகாரிகளின் மெஸ் ஒன்றில் ஹெட் பட்லராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு எங்களோடுதான் இருந்தார்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு லேசாக வாதம் வந்தது. பிழைத்து எழுந்துவிட்டார். ஆனால் வலது கால் கொஞ்சம் இழுக்கும், வலது கை நடுங்கும், ஞாபகம் வரும் போகும். ஒரு நாள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்ற வைத்து, டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, அல்சூர் கடைத்தெருப் பக்கம் உலாத்தக் கிளம்பிவிட்டார். தண்ணீர் சுண்டி, கெட்டில் கருகி, பக்கத்தில் இருந்த துணி பற்றிக்கொண்டது. எதிர்வீட்டு பாக்கியம் புகையைப் பார்த்து ஓடிவந்து தண்ணீர் ஊற்றினாள். அவள் மட்டும் அன்றைக்குச் சந்தைக்குப் போயிருந்தால் இந்தத் தொடரில் நான் வேறு வீட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன்.

டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இனிமேல் ஒரு நிமிடம் கூடத் தனியாக விடக் கூடாது.

யோசிக்க என்ன இருக்கிறது, நீ வேலையை விட்டுவிடு என்றது தெரு. எனக்கு மனசில்லை. சம்பளத்துக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். எங்கள் மேசையில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். மயிரிழை போன்ற செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே ஊர்க்கதை பேசுவோம். சங்கு ஊதினால் ஒன்றாக எழுந்து சாப்பிடப் போவோம். என் பெயர் சரோஜா என்பது எனக்கே அங்கேதான் ஞாபகம் வரும். அதை விட வேண்டுமே என்று நினைத்தால் மனசு ஃபாக்டரிப் பக்கம் இழுத்தது. நைனாவை நினைத்தால் வீட்டுப் பக்கம் இழுத்தது. இரண்டு பக்கமும் இழுத்தால் மனுஷி எப்படி பஸ் ஏறுவது?

அப்போதுதான் என் வீட்டுக்காரர் மாணிக்கம், ஆஸ்பத்திரியில் வார்டுபாயாக இருந்து ஓய்வு பெற்ற நஞ்சப்பாவைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். காலையில் வந்து மாலையில் போகட்டும், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. நிம்மதியாக பஸ் ஏறினேன். அன்று மாலை கண்டதுதான் அந்த ரொட்டிக் காட்சி.

கல்யாணப் பந்தியில் காணாமல் போன மாப்பிள்ளை

நைனாவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும்.

அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. மெஸ்ஸில் துரைமார் சாப்பிட்டு முடித்த பிறகு பின்கட்டில் நின்றபடி இரண்டு வாய் போட்டுக்கொள்வாராம். வீட்டிலும் அடுப்படி நிலைப்படியில் சாய்ந்து, தட்டைக் கையில் ஏந்தி, நின்றே சாப்பிடுவார். அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

அவர்கள் கல்யாணத்திலேயே ஆரம்பித்த கூத்து இது. முதல் பந்தியில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்து இலை போட்டிருக்கிறார்கள். சாம்பார் வாளி வந்தது. பரிமாற வந்த ஆள் வலது பக்கமிருந்து ஊற்றினான் போலிருக்கிறது. அம்மா திரும்பிப் பார்த்தால் பக்கத்து இலையில் மாப்பிள்ளை இல்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாலையோடு, பந்தியின் கோடியில் வாளியும் கையுமாகப் பரிமாறிக்கொண்டிருக்கிறார். இந்த மனுஷனுக்கு நான் பொண்டாட்டியா, விருந்தாளியா என்று அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

பரிமாறுவது எப்போதும் சாப்பிடுகிறவரின் இடப் பக்கம். தட்டை எடுப்பது வலப் பக்கம். இது நைனாவின் வேதம். சுதந்திரம் வந்த வருடம் வெள்ளைக்காரத் துரைகள் மூட்டை கட்டினார்கள். நம்முடைய அதிகாரிகள் அதே நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தார்கள். இறைச்சி ரோஸ்ட் குறைந்து சாம்பார் நுழைந்தது. சாம்பாரும் இடப் பக்கமிருந்துதான் போயிற்று. கொடி மாறினால் கை மாறுமா என்பார் நைனா.

மெஸ்ஸில் அவர் உட்காருகிற நேரம் ஒன்றே ஒன்றுதான். சாப்பாடு மேசைக்குப் போகுமுன் ஹெட் பட்லர் ருசி பார்க்க வேண்டும். அதற்கென்று பின்கட்டில் ஒரு முக்காலி உண்டு. அதில் உட்கார்ந்து, ஒரு கரண்டி சூப்பை வாயில் வைத்து, தலையை ஆட்டினால்தான் சூப் வெளியே போகும். "அந்த ஒரு நிமிட்டு நானும் ஆபீசர்தான்" என்று சிரிப்பார். இதைச் சின்ன வயதில் நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அப்போது இது எதற்கும் உதவும் என்று நினைக்கவில்லை.

நஞ்சப்பா பெருத்தார்

இப்படிப்பட்டவருக்கு ஒரு பணிவிடைக்காரனை அமர்த்தினோம், எங்கள் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது!

நஞ்சப்பா எவ்வளவோ முயன்றார். வெந்நீர் வைத்தால், முதலில் நீங்கள் குளியுங்கள் என்று நைனா சோப்பை நீட்டுவார். நான் எடுத்து வைத்துவிட்டுப் போன சோற்றை நஞ்சப்பா தட்டில் போட்டால், அடுத்த நிமிடம் அந்தத் தட்டு நஞ்சப்பா முன்னால் இருக்கும். ஸ்டவ்வை ஒளித்து வைத்தோம். ஸ்டவ் இல்லாமலே பிரமாதமாக விருந்து வைக்க முடியும் என்று நைனா காட்டினார். ரொட்டி, வெண்ணெய், வெள்ளரிக்காய், வாழைப்பழம் எல்லாம் நறுக்கி அலங்கரித்து வந்துவிடும். விருந்தாளி சாப்பிட்டு முடித்ததும் பட்லர் சாப்பிட வேண்டும். அது மட்டும் அவருக்கு மறந்துபோய்விடும்.

வாரம் போகப் போக நஞ்சப்பாவின் சட்டைப் பொத்தான் வயிற்றில் இறுகியது. நைனாவின் கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. முதலில் சிரித்த எனக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சட்டை மாட்டிவிட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது. தோளில் பிடிக்கச் சதை இல்லை.

நஞ்சப்பா நியாயஸ்தர். அன்று சாயங்காலம் என்னைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டார்.

"அக்கா, நான் வேலைக்கு வந்தேனா விருந்துக்கு வந்தேனான்னே தெரியல. இப்படியே போனா பெரியவரு உடம்பு உருகிப் போயிடும்," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, தனக்குத் தெரிந்த ரூபி என்ற நர்ஸம்மாவைப் பற்றிச் சொன்னார். நஞ்சப்பாவோடு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவராம். இப்போது ஜோகுபாளையத்தில் தன் வீட்டு முன்பகுதியைத் திறந்துவிட்டு, வயதானவர்களைக் காலையிலிருந்து மாலை வரை பார்த்துக்கொள்கிறாராம். நாலு பேரோடு உட்கார்ந்தால் ஒருவேளை நைனாவும் உட்காருவார் என்றார் நஞ்சப்பா.

தன் வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் சொன்னார். அதை நான் மறக்கவில்லை.

சைக்கிள் ஸ்டாண்டு

ரூபி நர்ஸம்மா வீட்டைச் சுற்றுவட்டாரத்தில் பகல் வீடு என்றார்கள். கேலிக்காரர்கள் கிழவர் பால்வாடி என்றார்கள். எங்கள் எதிர்வீட்டு பாக்கியம் அதற்கும் ஒரு படி மேலே போனாள். குழாயடியில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருவே கேட்க என்னை நிறுத்தினாள்.

"ஏன்டி சரோஜா, பெத்த அப்பன காலையில உட்டுட்டு சாயங்காலம் எடுத்தாறதுக்கு அது இன்னா சைக்கிள் ஸ்டாண்டா?"

குழாயடியே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், வீட்டுக்கு வந்துதான் அழுதேன். பாக்கியம் கெட்டவள் இல்லை. வீட்டைத் தீயிலிருந்து காப்பாற்றியவள் ஒரு பேச்சுப் பேச உரிமை உள்ளவள்தான். ஆனால் அந்த வார்த்தை முள்ளாகத் தைத்துவிட்டது. வீட்டில் வைத்தால் பட்டினி கிடக்கிறார். வெளியே அனுப்பினால் ஊர் சிரிக்கிறது. நான் வேலையை விட்டு உட்கார்ந்தால் எனக்கும் நின்றுகொண்டே பரிமாறுவார். நான் வீட்டில் இருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான் நடந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார் என் வீட்டுக்காரர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நைனாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் போனோம்.

சிவப்புச் சிமெண்டுத் தரை, ஓட்டுக்கூரை, வாசலில் செண்பக மரம். வராந்தாவில் பிரம்பு நாற்காலிகள் வளைவாகப் போட்டிருந்தன. அவரைக்காய் சீசன். வெயிலில் சாக்கை விரித்து நாலைந்து கிழவிகள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை கேட் வரை வந்தது. ஒரு மூலையில் ரேடியோ தானாகப் பேசிக்கொண்டிருந்தது. கருவூலத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், கோட்டும் வேட்டியுமாக, நடு நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரை எல்லோரும் டிரஷரி சார் என்றார்கள்.

ரூபி நர்ஸம்மா குள்ளமாக, வெள்ளைச் சேலையில் இருந்தார். நைனாவைக் கும்பிட்டு ஒரு நாற்காலியைக் காட்டினார். நைனா அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்து, கொஞ்சம் நகர்த்தி நேராக்கி வைத்தார். பிறகு அதன் பின்னால் போய் நின்றுகொண்டார்.

டிரஷரி சாரின் வேட்டி

முதல் நாள் நைனாவைப் பகல் வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். அன்றைக்கு நான் சுற்றிய காயில்கள் ஒன்றும் தேறவில்லை.

பாதி காலை நன்றாகத்தான் போயிற்றாம். நைனா உட்காரவில்லை என்றாலும் வராந்தாவைச் சுற்றி நடந்தார், நாற்காலிகளை ஒழுங்கு செய்தார். பதினொரு மணி காபியைக் கொண்டுவர ஒரு பெண் இருந்தாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, புத்தி வேறெங்கோ இருந்தது. டிரஷரி சாருக்கு அவள் வலது பக்கமிருந்து டம்ளரை நீட்டினாள். அவ்வளவுதான். நைனா விறுவிறுவென்று போய் அவள் கையிலிருந்து ட்ரேயை வாங்கிக்கொண்டார். இடப் பக்கம் சுற்றி வந்தார். குனிந்தார். வலது கை நடுங்கியது. ட்ரே சாய்ந்து, காபி முழுக்க டிரஷரி சார் வேட்டியில்.

சூடு அதிகமில்லை, நல்ல காலம். ஆனால் டிரஷரி சார் போட்ட கூச்சலில் ரேடியோ கேட்கவில்லையாம். ட்ரே பிடிக்கத் தெரியாதவனை எல்லாம் யார் உள்ளே விட்டது என்று கத்தினாராம்.

நான் மாலை போனபோது நைனா வாசல் செண்பக மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். வாதம் வந்தபோது தவிர, இருட்டுமுன் அவர் படுத்து நான் பார்த்ததே இல்லை. மறுநாளும் எழுந்திருக்கவில்லை. நான் லீவு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கஞ்சியைக் கொண்டுபோனால் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"இத்தினி வருசத்தில ஒரு சொட்டு சிந்தினது கெடையாது, சரோஜா. இனிமே நான் எதுக்கு?" என்றார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. டிரஷரி சார் மேல், அந்தக் கல்யாணப் பெண் மேல், வாதத்தின் மேல், மெஸ்ஸின் மேல். ஒரு மனிதனை வாழ்நாளெல்லாம் நிற்க வைத்துவிட்டு, உட்காரத் தெரியாமல் அனுப்பிவிட்டார்களே என்று நினைத்தேன். மறுநாள் போய் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரியிடம் என்ன சொல்வது என்று கூட ஒத்திகை பார்த்துவிட்டேன்.

மேல பாக்க ஆள் இல்ல

அன்று மாலையே ரூபி நர்ஸம்மா எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கூட நஞ்சப்பாவும் வந்தார். நைனா சுவர்ப் பக்கமே இருந்தார்.

நர்ஸம்மா முதலில் என்னைத்தான் அடுக்களையில் பிடித்து உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். மெஸ்ஸில் நைனா என்ன செய்வார், எப்போது செய்வார், யார் யாரை அதட்டுவார் என்று எல்லாம் கேட்டார். நான் தெரிந்ததைச் சொன்னேன். பேச்சோடு பேச்சாக அந்த முக்காலியைப் பற்றியும் சொன்னேன். நர்ஸம்மா அதை மட்டும் இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார்.

பிறகு போய்க் கட்டிலருகே நின்றார்.

"பட்லர், எனக்கு ஒரு தொந்தரவு," என்றார். "காபி குடுக்கிற பொண்ணு கல்யாணமாகிப் போறா. அவ இடத்துக்கு ட்ரே தூக்க ஆள் வச்சுட்டேன். மேல பாக்கத்தான் ஆள் இல்ல."

சுவரைப் பார்த்திருந்த தலை கொஞ்சம் உயர்ந்தது.

"யாரு, ட்ரே தூக்கறது?" என்றார் நைனா.

"நம்ம நஞ்சப்பா."

நைனா மெதுவாகத் திரும்பினார். நஞ்சப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"இவனா? இவனுக்கு உக்காந்து துன்னத்தான் தெரியும்," என்றார்.

நஞ்சப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அடக்கிக்கொண்டு கஞ்சியைச் சூடு பண்ண ஓடினேன்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது நைனா குளித்து, சட்டைப் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். ஹெட் பட்லர் ட்ரே தூக்க மாட்டார். அவர் பார்ப்பார், விரலால் காட்டுவார், அவ்வளவுதான். நடுங்குகிற கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

முக்காலி விஷயத்தில் நர்ஸம்மா பெரிய கைகாரி. சாப்பாட்டுக்கு முன்னால் சமையல் கட்டில் ஒரு ஸ்டூல் போட்டு, பட்லர் ருசி பார்க்காமல் எதுவும் வெளியே போகாது என்று சொல்லிவிட்டார். முதல் நாள் ஒரு கரண்டி குழம்பு. மறுநாள், குழம்பு சோற்றோடு சேருகிறதா என்று பார்க்க ஒரு பிடி சோறு. அதன் பிறகு ரசம். ரசத்தைப் பார்த்தால் பொரியலையும் பார்க்க வேண்டுமே. அடுத்த மழைக்காலத்துக்குள் நைனா தினமும் ஸ்டூலில் உட்கார்ந்து முழுச் சாப்பாடு ருசி பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தெலும்பு மறைந்தது. நஞ்சப்பா ஓடியாடி வேலை செய்து பழைய அளவுக்கு இளைத்தார்.

டிரஷரி சார் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நைனா வராத அந்த ஒரு நாள், பட்லர் எங்கே என்று முதலில் கேட்டவரே அவர்தானாம். அவர் வீட்டில் காபியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நர்ஸம்மா பிறகு சொன்னார். குனிந்து, மரியாதையாக, இடப் பக்கம் வந்து நின்ற ஒருத்தனைக் கத்தி விரட்டிவிட்டோமே என்று வருத்தப்பட்டிருக்கிறார் மனிதர்.

வீட்டோடு ஒரு ஆளா, பகல் வீடா என்று நான் இரவெல்லாம் புரண்டதற்குக் கடைசியில் இரண்டுமே என்று ஆயிற்று. வீட்டு ஆளே பகல் வீட்டுக்குப் போய்விட்டார். நான் காயில் சுற்றப் போனேன். அதற்கு அடுத்த வருடம் பாக்கியம் தன் மாமியாரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு எங்களோடு ஜோகுபாளையம் வரை நடந்தாள். சைக்கிளுக்குப் பூட்டு எடுத்து வந்தாயா என்று கேட்டேன். முறைத்தாள், பிறகு அவளும் சிரித்துவிட்டாள்.

சுவரோரக் கட்டில்

சில வருடங்கள் இப்படிச் சுகமாக ஓடின. பிறகு இரண்டாம் தடவை வாதம் வந்தது. இந்தத் தடவை பேச்சும் போய்விட்டது. பகல் வீட்டுக்கு நடக்க வழியில்லை. நான் நீண்ட லீவு எடுத்தேன். சின்ன வீடு, நடமாட இடம் வேண்டும் என்று நைனாவின் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தோம்.

தானே கரண்டி பிடிக்க முடியாமல் போய், நான் ஊட்டத் தொடங்கியதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கரண்டியில் கஞ்சியை எடுத்து உதட்டருகே கொண்டுபோவேன். உதட்டை இறுக்கிக்கொண்டு கூரையைப் பார்ப்பார். கெஞ்சினேன், அதட்டினேன், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலக் கதை சொன்னேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. சாப்பாட்டை மறுத்தால் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். தேற்றிக்கொள்ளத்தான் முடியவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் நஞ்சப்பா பார்க்க வந்தார். வாசலிலேயே நின்று, நான் கரண்டியோடு போராடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அக்கா, ரைட்ல இருந்து குடுக்கறீங்க," என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். நைனாவின் இடப் பக்கம் முழுக்கச் சுவர்.

நஞ்சப்பா தலைமாட்டைப் பிடித்தார், நான் கால்மாட்டைப் பிடித்தேன். நைனாவோடு சேர்த்துக் கட்டிலை இழுத்துக் கூடத்தின் நடுவில் போட்டோம். நான் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, குனிந்து கரண்டியை நீட்டினேன்.

நைனா என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

அதற்குப் பிறகும் சில மாதங்கள் இருந்தார். நான் பரிமாற, கிண்ணம் காலியாகும் வரை சாப்பிட்டார். கட்டில் கூடத்தின் நடுவிலேயே கிடந்தது. போகிற வருகிற எல்லோரும் முழங்காலை இடித்துக்கொண்டோம். யாரும் அதை நகர்த்தவில்லை.